ஆகாபின் முத்திரை: ஒரு அரச கல்யாணம், ஒரு திராட்சத்தோட்டம், ஒரு வம்சத்தின் முடிவு

திராட்சத்தோட்டத்தைக் கேட்ட இஸ்ரவேல் ராஜா ஆகாபிடம் நாபோத் என்ற குடியானவன் சொன்ன பதில் ஒன்று, அந்த ராஜா வீட்டுக்குப் போய் மனைவி யேசபேலிடம் சொன்ன பதில் வேறொன்று. பைபிளில் முதல் இராஜாக்கள் 21ஆம் அதிகாரத்தை எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன், பிரசங்கங்களிலும் கேட்டிருக்கிறேன். ஆனால் ஆகாபை வைத்து ஒரு சரித்திரக் கதை எழுதலாம் என்று உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்தபோதுதான் இது கண்ணில் பட்டது. நாபோத் சொன்னது, என் பிதாக்களின் சுதந்தரத்தை (பரம்பரைச் சொத்தை) உமக்குக் கொடாதபடி கர்த்தர் என்னைக் காப்பாராக என்று. ஆகாப் யேசபேலிடம் சொன்னது, என் திராட்சத்தோட்டத்தை உமக்குக் கொடுக்க மாட்டேன் என்றான் என்று. பிதாக்கள், சுதந்தரம், கர்த்தர் மூன்றையும் விட்டுவிட்டார். ஒரு குடிமகன் ராஜாவின் முகத்துக்கு நேரே 'தர முடியாது' என்றான், அவ்வளவுதான் அவள் காதில் விழுந்தது.

இந்த வீட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாருக்கும் யேசபேல் கெட்டவள், ஆகாப் பெண்டாட்டிக்குப் பயந்தவன் என்ற ஒரே சித்திரம்தான் எளிதாகக் கைக்கு வருகிறது. எனக்கு அந்தச் சித்திரம் போதவில்லை. புருஷன் மனைவியிடம் சொல்லாமல் விட்ட ஒரு வாக்கியம், அப்புறம் அவன் மனைவியிடம் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி, இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அந்த வம்சம் விழுந்தது என்று நினைக்கிறேன். எப்படி என்று முதலிலிருந்து வருகிறேன்.

இரண்டு புது வீடுகள்

ஆகாபின் அப்பா ஒம்ரி பரம்பரை ராஜா இல்லை, படைத்தலைவர். கிபெத்தோன் என்ற ஊரை முற்றுகை போட்டுக்கொண்டிருந்த பாளயத்தில் அவர் இருக்கும்போது, தலைநகரான திர்சாவில் சிம்ரி என்ற இன்னொரு படைத்தலைவன் ராஜாவைக் கொன்றுவிட்டு சிம்மாசனத்தில் ஏறிவிட்டான் என்று செய்தி வருகிறது. பாளயத்திலிருந்த சேனை அங்கேயே ஒம்ரியை ராஜாவாக்குகிறது. சிம்ரி ஆண்டது 7 நாள். நகரம் பிடிபட்டதும் அரமனைக்குத் தானே தீ வைத்து உள்ளேயே செத்தான். அதற்குப் பிறகும் ஜனங்களில் பாதிப்பேர் திப்னி என்பவன் பின்னால் போனார்கள், அந்தச் சண்டையும் தீர்ந்த பிறகுதான் நாடு ஒம்ரியின் கைக்கு முழுசாக வந்தது. சிம்ரி என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் யேசபேலின் வாயில் அது மறுபடி வரும்.

திர்சாவில் 6 வருஷம் இருந்துவிட்டு, சேமேர் என்பவரிடமிருந்து ஒரு மலையை 2 தாலந்து வெள்ளிக்கு, அதாவது சுமார் 60, 70 கிலோ வெள்ளிக்கு வாங்கி, அங்கே சமாரியாவைக் கட்டினார் ஒம்ரி. அந்த அரச வீடு நின்ற இடமே கிரயம் கொடுத்து வாங்கிய இடம். சேமேர் விற்கச் சம்மதித்தார், ஒம்ரி வாங்கினார், விஷயம் முடிந்தது. மகன் காலத்தில் இன்னொரு நிலத்துக்கும் விலை பேசப்படும், அங்கே அப்படி முடியாது.

மறுபக்கம் பெண் வீட்டைப் பார்த்தால் அதுவும் புது வீடுதான். யேசபேலின் அப்பா ஏத்பாகால் சீதோனியரின் ராஜா என்கிறது பைபிள். எபேசுவைச் சேர்ந்த மெனாந்தர் என்ற கிரேக்க ஆசிரியரின் குறிப்பை யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எடுத்து வைத்திருக்கிறார். அதன்படி இந்த ஏத்பாகால் அஸ்தரோத் தேவியின் பூசாரியாக இருந்து, ஆண்டுகொண்டிருந்த ராஜாவைக் கொன்று தீருவின் சிம்மாசனத்தைப் பிடித்தவர், 32 வருஷம் ஆண்டார். பாட்டன் பூட்டன் பெயர் சொல்லி ஆள முடியாத இரண்டு வீடுகள் சம்பந்தம் பண்ணிக்கொள்கின்றன. கல்யாணத்தைப் பேசி முடித்தது யார் என்று பைபிளில் எழுதப்படவில்லை, ஆனால் ஆய்வாளர்கள் பலரும் இதை ஒம்ரியின் ஏற்பாடு என்றே பார்க்கிறார்கள், எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. இஸ்ரவேலில் தானியமும் எண்ணெயும் திராட்சரசமும் இருந்தன, துறைமுகம் இல்லை. தீருவிலும் சீதோனிலும் துறைமுகமும் கப்பலும் கைவினைஞர்களும் இருந்தார்கள், ஊருக்குச் சோறு போடப் போதிய வயல் இல்லை. இரண்டு பேருக்கும் பயமாக இருந்த தமஸ்கு, அதாவது சீரிய ராஜ்யம், வேறு பக்கத்திலேயே இருந்தது.

இந்தச் சம்பந்தத்தின் பலன் மண்ணுக்குள்ளிருந்தும் வந்திருக்கிறது. 1930களில் சமாரியாவில் தோண்டியபோது நூற்றுக்கணக்கில் தந்தத் துண்டுகள் கிடைத்தன. தாமரை, சிறகு வைத்த சிங்க உடல், எகிப்தியக் கடவுள்கள், எல்லாம் பெனிக்கேய, அதாவது தீரு சீதோன் பக்கத்துக் கைவேலை. ஆகாப் தந்தத்தினால் ஒரு அரமனை கட்டினார் என்று முதல் இராஜாக்கள் 22 சொல்கிறது. இந்தத் துண்டுகள் எல்லாமே ஆகாப் காலத்தவை என்று சொல்ல முடியாது, பிற்காலத்தவையும் கலந்திருக்கின்றன, ஆனாலும் அந்த வீட்டின் ருசி எப்படிப்பட்டது என்று காட்ட அவை போதும். 45ஆம் சங்கீதம் ஒரு அரச கல்யாணப் பாட்டு. அதில் தந்த அரமனை வருகிறது, தீரு குமாரத்தி வருகிறாள், உன் ஜனத்தையும் உன் தகப்பன் வீட்டையும் மறந்துவிடு என்று மணப்பெண்ணுக்குப் புத்தி சொல்லப்படுகிறது. இது ஆகாப் கல்யாணத்துக்குப் பாடியதாக இருக்கலாம் என்று சொன்ன ஆய்வாளர்கள் உண்டு, நிரூபிக்க வழியில்லை. அப்படியே வைத்துக்கொண்டாலும், வந்த பெண் தகப்பன் வீட்டை மறக்கவில்லை என்பது நமக்குத் தெரியும்.

சமாரியாவில் யேசபேல் கும்பிட்ட கடவுளான பாகாலுக்குக் கோயிலும் பலிபீடமும் எழும்பின. ஆனால் ஆகாப் கர்த்தரை அடியோடு விட்டுவிட்டு பாகாலிடம் போய்விட்டார் என்று பலரும் சொல்வதற்கு எதிராக ஒரு சாட்சி இருக்கிறது: அவருடைய பிள்ளைகளின் பெயர்கள். அகசியா, யோராம், அத்தாலியாள், மூன்றிலும் எபிரெயத்தில் கர்த்தரின் பெயர் ஒட்டியிருக்கிறது. அரமனை விசாரிப்புக்காரன் பெயர் ஒபதியா, கர்த்தரின் ஊழியன் என்று அர்த்தம். இரண்டு பக்கத்தையும் திருப்திப்படுத்தி ஆளலாம் என்று நினைத்த ஒரு ராஜாவைத்தான் இதில் பார்க்கிறேன். கர்த்தரின் தீர்க்கதரிசி எலியா கர்மேல் மலையில், எந்தமட்டும் இரண்டு நினைவுகளால் குந்திக்குந்தி நடப்பீர்கள் என்று ஜனங்களைப் பார்த்துக் கேட்கிறார், எனக்கு அது ராஜாவைப் பார்த்துக் கேட்டது மாதிரியே இருக்கிறது.

கர்மேல் கதை எல்லாருக்கும் தெரியும், விரிக்கப் போவதில்லை. பஞ்சம், பாகாலின் 450 தீர்க்கதரிசிகள், வானத்திலிருந்து அக்கினி, அப்புறம் அந்தத் தீர்க்கதரிசிகளின் சாவு. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏத்பாகாலின் காலத்தில் ஒரு வருஷம் மழை பெய்யவில்லை என்று மெனாந்தரும் எழுதியிருப்பதாக யோசேபஸ் சொல்கிறார், பஞ்சம் எல்லைக்கு அந்தப் பக்கமும் இருந்திருக்கிறது. யேசபேல் கர்த்தரின் தீர்க்கதரிசிகளைக் கொன்றாள், ஒபதியா 100 பேரைக் குகைகளில் ஐம்பது ஐம்பதாக ஒளித்து வைத்துச் சோறும் தண்ணீரும் கொடுத்துக் காப்பாற்றினார். அவளை வெள்ளையடிக்க எனக்கு எண்ணமே இல்லை. அவள் கையில் இரத்தம் இருந்தது, நாபோத்துக்கு முன்னாலேயே இருந்தது.

பலவீனமான ராஜாவா?

இல்லவே இல்லை. கி.மு. 853இல் அசீரிய ராஜா மூன்றாம் சல்மனாசார் மேற்கே படையெடுத்து வந்தபோது, ஓரோந்தஸ் நதிக்கரையில் கர்கார் என்ற இடத்தில் அவரை மறித்து நின்ற கூட்டணியில் தமஸ்குவின் ஆதாதேசரும் ஆமாத்தின் ராஜாவும் 1000 ஒட்டகங்களோடு வந்த ஒரு அரபுத் தலைவரும் இருந்தார்கள், அவர்களோடு ஆகாபும் இருந்தார். துருக்கியில் கூர்க் என்ற இடத்தில் 1861இல் கிடைத்து இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் கல்வெட்டில் இந்தக் கணக்கு இருக்கிறது: ஆகாபிடம் 2000 ரதங்கள், 10,000 காலாட்கள். ஆதாதேசரின் ரதங்களே 1200தான். 2000 என்பது மிகையாக இருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் சந்தேகப்படுகிறார்கள். பாதியாகக் குறைத்துக்கொண்டாலும் அது சின்ன ராஜா கொண்டுவரும் படை இல்லை. சல்மனாசார் ஜெயித்ததாக எழுதிக்கொண்டார், ஆனால் அடுத்தடுத்த வருஷங்களில் அதே கூட்டணியோடு மறுபடி மறுபடி மோத வேண்டியிருந்தது.

இந்தப் பெரிய சண்டையைப் பற்றி பைபிளில் ஒரு வரிகூட இல்லை. மோவாபை ஒம்ரி அடக்கி வைத்திருந்ததையும் அது அவர் மகன் காலத்திலும் தொடர்ந்ததையும் மோவாபின் மேசா ராஜாவே கல்லில் எழுதி வைத்திருக்கிறார், அந்தக் கல் 1868இல் தீபோனில் கிடைத்தது, அதைப் பற்றியும் ஆகாபின் கதையில் பேச்சில்லை. இராஜாக்கள் புத்தகத்தை எழுதியவருக்கு ஆகாபின் ரதங்கள் முக்கியமில்லை, ஒரு குடியானவனின் திராட்சத்தோட்டம் முக்கியம், அதற்கு ஒரு அதிகாரத்தையே கொடுத்திருக்கிறார். அந்த முடிவின் மேல் எனக்கு ஆழ்ந்த மரியாதை உண்டு. கல்வெட்டு வைத்த எந்த ராஜாவும் நாபோத்தின் பெயரை எழுதியிருக்க மாட்டார்.

கீரைக்கொல்லை

நாபோத்தின் ஊரான யெஸ்ரயேல் சமாரியாவுக்கு வடக்கே, பள்ளத்தாக்கைப் பார்த்தபடி இருக்கும் மேட்டு ஊர். 1990களில் அங்கே நடந்த அகழாய்வில் செவ்வகமான ஒரு பெரிய கோட்டை, மூலைக்கு ஒரு கோபுரம், பாறையில் வெட்டிய அகழி எல்லாம் வெளியே வந்தன. பின்னர் அந்த மேட்டின் அடிவாரத்தில், ஊற்றுக்குப் பக்கத்தில், பாறையில் குடைந்த திராட்ச ஆலை ஒன்றும் கிடைத்தது. அது நாபோத்துடையது என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனால் அந்த மண் திராட்சைக்கு ஏற்ற மண் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும். கோட்டை, ரதப்படை, குதிரைகள், இதற்குப் பக்கத்தில் ஒரு குடும்பத்தின் பூர்வீகத் தோட்டம். ராஜா அதைக் கீரைக்கொல்லை ஆக்கக் கேட்கிறார். அதைவிட நல்ல தோட்டம் தருகிறேன், இல்லையென்றால் பணம் தருகிறேன் என்கிறார். கேட்ட விதத்தில் குற்றமில்லை, நியாயமான பேரம்தான்.

ஆனால் திராட்சைக்கொடி என்பது நட்ட வருஷமே பலன் தருவதில்லை, தாத்தா வைத்ததை அப்பா வெட்டிக் கட்டி மகன் பறிக்கிற பயிர். அதைப் பிடுங்கிவிட்டுக் கீரை போடப்போகிறார்கள். அதோடு இஸ்ரவேலின் பழைய வழக்கப்படி நிலம் குடும்பத்துடையது, கோத்திரத்துடையது, அடிப்படையில் கர்த்தருடையது. லேவியராகமம் 25 நிலத்தை நிரந்தரமாக விற்கக் கூடாது என்கிறது, எண்ணாகமம் 36 ஒரு கோத்திரத்தின் சுதந்தரம் இன்னொரு கோத்திரத்துக்குப் போகக் கூடாது என்கிறது. நாபோத் ராஜாவை அவமதிக்கவில்லை. இது விற்க எனக்கு அதிகாரம் இல்லாத பொருள் என்று சொன்னார். ஆகாபுக்கு அது புரிந்தது. புரிந்ததனால்தான் அங்கேயே படைபலத்தைக் காட்டாமல், சலிப்பும் சினமுமாக வீட்டுக்கு வந்து, கட்டிலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டார். அந்தச் சட்டம் தன்னையும் கட்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்த இரவை நான் எழுதினால் இப்படித்தான் எழுதுவேன்:

தட்டு வைத்த இடத்திலேயே இருந்தது. அப்பத்தின் மேல் எண்ணெய் உறைந்து போயிருந்தது. அவள் விளக்கைச் சுவரோரமாக வைத்துவிட்டுக் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள்.

"என்ன நடந்தது?"

"நாபோத்திடம் தோட்டத்தைக் கேட்டேன். பணத்துக்குக் கேட்டேன். வேறு தோட்டம்கூடத் தருகிறேன் என்றேன்."

"அவன் என்ன சொன்னான்?"

அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிதாக்களின் சுதந்தரம் என்ற சொல் நாக்கில் வந்து நின்றது. அதைச் சொன்னால் அவள் அப்படியென்றால் என்ன என்று கேட்பாள். அதை விளக்கப் போனால், நீர் ராஜாவா இல்லையா என்பாள். இத்தனை வருஷத்தில் அந்தப் பேச்சு எத்தனை தடவை வந்திருக்கிறது.

"தரமாட்டேன் என்றான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவள் எழுந்தாள். அவருடைய கழுத்துக் கயிற்றில் முத்திரைக்கல் பக்கவாட்டில் சரிந்து தலையணைமேல் கிடந்தது. அவள் குனிந்து முடிச்சைத் தேடியபோது, அவர் தலையைக் கொஞ்சம் தூக்கிக் கொடுத்தார்.

"எழுந்து சாப்பிடும்," என்றாள். "தோட்டத்தை நான் வாங்கித் தருகிறேன்."

கற்பனை இவ்வளவுதான், இதற்கு மேல் எல்லாம் மூலத்தில் உள்ளது. ஆகாபின் பெயரால் கடிதங்கள் எழுதி, அவருடைய முத்திரையை வைத்து, நாபோத்தின் ஊரிலிருந்த மூப்பருக்கும் பெரியோருக்கும் அனுப்பினாள். உபவாசம் என்று பிரசித்தப்படுத்துங்கள், நாபோத்தை ஜனத்தின் முன்னிலையில் நிறுத்துங்கள், தேவனையும் ராஜாவையும் தூஷித்தான் என்று சாட்சி சொல்ல இரண்டு துஷ்டர்களை எதிரே உட்கார வையுங்கள், பிறகு வெளியே கொண்டுபோய்க் கல்லெறிந்து கொல்லுங்கள். யேசபேலுக்கு இஸ்ரவேலின் சட்டம் தெரியாது என்று சொல்கிறவர்கள் இந்தக் கடிதத்தைக் கவனிக்க வேண்டும். மரண தண்டனைக்கு இரண்டு சாட்சி வேண்டும் என்று தெரிந்திருக்கிறது, தேவதூஷணத்துக்குக் கல்லெறி என்று தெரிந்திருக்கிறது, ஊருக்கு ஆபத்து வந்ததுபோல உபவாசம் கூறினால்தான் ஜனம் குற்றவாளியைத் தேடும் மனநிலைக்கு வரும் என்பதுவரை தெரிந்திருக்கிறது. நடைமுறை முழுவதும் கைவசம். அந்தச் சட்டம் எதற்காக இருக்கிறது, ஒரு குடியானவன் ஏன் ராஜாவின் பணத்தை வேண்டாம் என்கிறான், இது மட்டும் அவளுக்கு எட்டவில்லை, எட்ட வைக்கக்கூடிய ஒரே ஆள் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தார்.

அடுத்த வரியில் இன்னொரு தடயம். கடிதம் போனது ஆகாபின் பெயரில். வேலை முடிந்ததும் மூப்பர்கள் ஆள் அனுப்பி, நாபோத் கல்லெறியுண்டு செத்தான் என்று செய்தி சொன்னது யேசபேலிடம். அப்படியென்றால் அந்த முத்திரை ஒருவரையும் ஏமாற்றவில்லை. கடிதம் யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும், பொய்ச்சாட்சி என்று தெரியும், நாபோத் அவர்கள் ஊர்க்காரர், கூட உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார்கள். ஒருவர்கூட 'ராஜாவையே நேரில் கேட்டுவிட்டு வருகிறேன்' என்று கிளம்பவில்லை. எனக்கு இந்த அதிகாரத்தில் மிகவும் பயமூட்டுகிறவர்கள் இவர்கள்தான்.

நாபோத் செத்துப்போனான் என்று யேசபேல் சொல்கிறாள். ஆகாப் எழுந்து தோட்டத்தைச் சொந்தமாக்கிக்கொள்ளப் போகிறார். எப்படிச் செத்தான், நேற்றுவரை திடமாக இருந்தவன் ஆயிற்றே, ஒரு கேள்வியும் இல்லை. ராஜதுரோகியின் நிலம் ராஜாவுக்குச் சேரும் என்று பைபிள் சட்டத்தில் எழுதியில்லை, ஆனால் தாவீது ராஜா ஒருமுறை சவுலின் பேரன் மேவிபோசேத் துரோகம் பண்ணினதாகக் கேள்விப்பட்டதும் அவனுக்குரியதையெல்லாம் அவன் வேலைக்காரன் சீபாவுக்குத் தூக்கிக் கொடுத்த கதை இருக்கிறது, அப்படி ஒரு நடப்பு இருந்திருக்கும். வாரிசுகள் என்ன ஆனார்கள்? இந்த அதிகாரம் பேசவில்லை. பதில் வேறொரு இடத்தில், பல வருஷம் கழித்து, ஆகாபின் வம்சத்தை அழித்த யெகூ என்ற படைத்தலைவரின் வாயிலிருந்து வருகிறது: நாபோத்தின் இரத்தத்தையும் அவன் குமாரரின் இரத்தத்தையும் நேற்று கண்டேன் என்று கர்த்தர் சொன்னதாக இரண்டாம் இராஜாக்கள் 9இல் யெகூ நினைவுகூருகிறார். பிள்ளைகளையும் கொன்றிருக்கிறார்கள். நிலத்தைக் கேட்க ஒருவரும் மிஞ்சவில்லை. அந்த நாளில் நீயும் நானும் ஆகாபின் பின்னால் ஜோடியாகச் சவாரி செய்து வந்தோமே என்று யெகூ தன் சேர்வைக்காரன் பித்காரிடம் சொல்கிறார். நாபோத்தின் நிலத்தில் ராஜா இறங்கிய அன்றைக்கு, பின்னால் குதிரை ஓட்டி வந்த இரண்டு வீரர்கள் எலியாவின் வார்த்தையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்றுதான் நான் இதை வாசிக்கிறேன்.

எலியா யேசபேலைத் தேடிப் போகவில்லை. தோட்டத்துக்கு வந்து ஆகாபிடம், நீ கொலைசெய்ததும் எடுத்துக்கொண்டதும் இல்லையோ என்கிறார். கடிதம் எழுதியது அவள், கல்லெறிந்தது ஊரார், கொலைகாரன் என்ற பெயர் முத்திரைக்குச் சொந்தக்காரருக்கு. பொல்லாப்பைச் செய்ய உன்னை விற்றுப்போட்டாய் என்றும் சொல்கிறார். ஒருவன் நிலத்தை விற்க மாட்டேன் என்று உயிரை விட்டான், அதை வாங்க வந்தவர் தன்னையே விற்றுவிட்டார். யேசபேல் தூண்டிவிட்டாள் என்று மூலமும் சொல்கிறது, மறைக்கவில்லை. தூண்டினவளுக்கும் தண்டனை சொல்லப்படுகிறது. ஆனால் முதல் குற்றவாளி ராஜாதான்.

முத்திரை என்றதும் இன்னொன்று. யேசபேல் என்ற பெயரின் எழுத்துகள் பழைய லிபியில் வெட்டிய ஒரு முத்திரைக்கல் இஸ்ரவேலின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, சிறகு வைத்த உருவமும் தாமரையும் உள்ளது. 1964இல் நாகமான் அவிகாத் என்ற ஆய்வாளர் அதை வெளியிட்டார். அது அவளுடையதே என்று பிற்பாடு ஒரு டச்சு ஆய்வாளர் வாதாடினார், பலர் ஏற்கவில்லை, ஏனென்றால் கல் அகழாய்வில் கிடைத்ததல்ல, மேல் ஓரமும் உடைந்திருக்கிறது. அவளுடையதாகவே இருந்தாலும், நாபோத்தின் கடிதத்துக்கு அவள் வைத்தது தன் முத்திரையை அல்ல.

ராமோத்

எலியா சொன்னதைக் கேட்டு ஆகாப் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டு இரட்டு உடுத்திப் பணிவாக நடந்தார், அதனால் தண்டனை மகன் காலத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. அந்தத் துக்கத்தை நான் நடிப்பு என்று எடுத்துக்கொள்ளவில்லை. கர்காரில் அவரோடு நின்ற தமஸ்குவோடு அடுத்து அவருக்கே சண்டை வருகிறது, கீலேயாத்திலுள்ள ராமோத்தை மீட்கப் போகிறார். (இந்தச் சீரிய யுத்தங்கள் உண்மையில் பிந்தின ராஜாக்களின் காலத்தவை, பின்னால் ஆகாபின் பெயரில் சேர்ந்தவை என்று சில ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள், கதை எழுதுகிறவர் எந்தப் பக்கம் நிற்பது என்று முடிவு செய்துகொள்ள வேண்டும், நான் மூலத்தின் பக்கம் நிற்கிறேன்.) மிகாயா என்ற தீர்க்கதரிசி மட்டும் போகாதே என்கிறார். ஆகாப் வேஷம் மாறிப் போகிறார். ஒருவன் குறியில்லாமல் எய்த அம்பு கவசத்தின் சந்தில் பாய்கிறது. படை கலைந்துவிடக் கூடாது என்பதற்காக, இரத்தம் ரதத்தின் தட்டில் வடிய, சாயங்காலம்வரை சீரியருக்கு எதிரே நிமிர்ந்து நிற்கிறார், நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறார். சாயங்காலத்தில் சாகிறார். ஒரு கோழை இப்படிச் சாக மாட்டான். போர்க்களத்தில் நாள் முழுக்க நிற்க முடிந்த இவரால் அந்த ஒரு இரவில் மனைவியிடம் முழு வாக்கியத்தைச் சொல்ல முடியவில்லை என்பதுதான் என் மனதை அறுக்கிறது.

ஜன்னல்

சுமார் கி.மு. 841. ஆகாபின் மகன் யோராம் ராமோத்தில் காயம்பட்டு யெஸ்ரயேலில் படுத்திருக்கிறார். யெகூ ரதத்தை ஓட்டிக்கொண்டு வருகிறார், நாபோத்தின் நிலத்தில் வைத்து யோராமை எய்து கொல்கிறார், உடலை அதே நிலத்தில் எறியச் சொல்கிறார். வடக்கே தாண் மேட்டில் 1993இலும் அடுத்த வருஷமும் கிடைத்த அரமேயக் கல்வெட்டுத் துண்டுகளில், இஸ்ரவேல் ராஜாவையும் தாவீது வீட்டு ராஜாவையும் கொன்றது நான் என்று ஒரு சீரிய ராஜா சொல்லிக்கொள்கிறார். உடைந்த பெயர்களை நிரப்பினால் யோராமும், யூதாவின் ராஜாவான இன்னொரு அகசியாவும் வருகிறார்கள். யெகூவுக்கும் தமஸ்குவுக்கும் உடன்பாடு இருந்ததா, இல்லை இரண்டு பேரும் ஒரே கொலைக்குப் பெருமை கொண்டாடினார்களா என்று இன்னும் வாதம் நடக்கிறது.

யேசபேல் கண்ணுக்கு மையிட்டு, தலையைச் சிங்காரித்து, ஜன்னலிலிருந்து பார்க்கிறாள். நம் சபைகளில் இந்த ஒரு வரியை வைத்து எத்தனை பெண்களைக் காயப்படுத்தியிருக்கிறார்கள்; மை வைத்தால் யேசபேல், எதிர்த்துப் பேசினால் யேசபேல் ஆவி. அவளுடைய வாழ்க்கையில் வேறொரு ஆண் இருந்ததாக மூலத்தில் ஒரு சம்பவமும் இல்லை. யெகூ அவள்மேல் சுமத்தும் 'வேசித்தனம்' என்பது தீர்க்கதரிசிகள் விக்கிரக வழிபாட்டுக்கு வழக்கமாகச் சொல்லும் சொல். வந்திருக்கிறவன் மகனைக் கொன்றுவிட்டு வருகிறான் என்று தெரிந்து, தப்பி ஓடாமல், ராஜ அலங்காரத்தோடு சாக நிற்கிற ஒரு வயதான அரசியின் செயல் அது. அவள் யெகூவைப் பார்த்துக் கேட்டது, தன் ஆண்டவனை (எஜமானை)க் கொன்ற சிம்ரி பாக்கியம் அனுபவித்தானா என்று. ஏழு நாளில் எரிந்தவனின் பெயர். அவளுடைய கடைசி வார்த்தை அரசியல் வார்த்தை. பிரதானிகள் கீழே தள்ளினார்கள். யெகூ உள்ளே போய்ச் சாப்பிட்டுக் குடித்துவிட்டு, அவள் ராஜகுமாரத்தி, அடக்கம் பண்ணுங்கள் என்றபோது மண்டையோடும் கால்களும் உள்ளங்கைகளும்தான் கிடைத்தன.

இரண்டாவது கடிதம்

சமாரியாவில் ஆகாபின் குமாரர் 70 பேர் வளர்க்கப்பட்டு வந்தார்கள். யெகூ போருக்குப் போகவில்லை. கடிதம் எழுதினார். யாருக்கு? யெஸ்ரயேலின் பிரபுக்களாகிய மூப்பருக்கு என்கிறது எபிரெய மூலம். கிரேக்க மொழிபெயர்ப்பில் சமாரியா என்று இருக்கிறது, யெஸ்ரயேல் என்பது எழுத்துப்பிழை என்று பலர் திருத்துகிறார்கள். எனக்குத் திருத்த மனமில்லை. நாபோத்தின் காலத்துக்கும் இதற்கும் நடுவில் பத்துப் பதினைந்து வருஷம்தான் இருக்கும், அந்த மூப்பர்களில் சிலராவது உயிரோடு இருந்திருப்பார்கள்.

முதல் கடிதத்தில் யெகூ, ஒரு நல்ல குமாரனைத் தேர்ந்து சிம்மாசனத்தில் வைத்துச் சண்டைக்கு வாருங்கள் என்கிறார். அவர்கள் பயந்து, நாங்கள் உமது அடியார், சொன்னதைச் செய்வோம் என்று பதில் எழுதுகிறார்கள். இரண்டாம் கடிதத்தில், அப்படியானால் நாளை இந்நேரத்தில் அவர்களின் தலைகளைக் கொண்டுவாருங்கள் என்கிறார். செய்தார்கள். எழுபது பேரையும் வெட்டி, தலைகளைக் கூடைகளில் வைத்து யெஸ்ரயேலுக்கு அனுப்பினார்கள். கடிதம் வந்தால் கேள்வி கேட்காமல் செய்வதற்கு அந்த ஊர்ப் பெரியோரை யார் பழக்கியது என்று நமக்குத் தெரியும்.

தலைகளை ஒலிமுகவாசலில், அதாவது ஊர் வாசலில், இரண்டு குவியலாக விடியும்வரை வைக்கச் சொன்னார் யெகூ. காலையில் வெளியே வந்து ஜனங்கள் முன்னால் நின்றார். நான் என் ஆண்டவனுக்கு விரோதமாகச் சதிபண்ணி அவனைக் கொன்றேன், சரி, இவர்கள் எல்லாரையும் கொன்றது யார் என்று கேட்டார். யாரும் பதில் சொன்னதாக எழுதப்படவில்லை. இரண்டு வசனம் தள்ளி யெஸ்ரயேலில் ஆகாபின் வீட்டாரில் மீந்தவர்களையும், அவனுக்கு இருந்த பெரியோர் எல்லாரையும் யெகூ வெட்டிப்போட்டார்.